ஸ்லோ குக்கரில் உருளைக்கிழங்கு: முதல் ஒரு மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள்

மெதுவான சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்சாரச் சட்டிதான் ஸ்லோ குக்கர். அதை வாங்கிய புதிதில் எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. காலையில் போட்டு எட்டு மணி நேரம் ஆகிவிட்டது, ஆட்டுக்கறி எலும்பை விட்டுக் கழன்று வருகிறது, வெங்காயம் இருந்த இடம் தெரியவில்லை, உருளைக்கிழங்கு மட்டும் பல்லில் நறுக்கென்று கடிபடுகிறது. பிரஷர் குக்கரில் மூன்று விசிலுக்கே குழைந்துவிடும் கிழங்குக்கு இங்கே என்ன வந்தது?

பிரஷர் குக்கரோடு வளர்ந்த நமக்கு உருளைக்கிழங்கு என்றால் சீக்கிரம் வேகும் பண்டம், கறிதான் நேரம் பிடிக்கும். ஸ்லோ குக்கரில் கணக்கு அப்படியே தலைகீழ். கறி மெதுவான சூட்டிலும் தானாக இளகிவிடும், கிழங்கு இளகாது. ஆகவே இதில் சமைக்கும்போது கிழங்கை மையமாக வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் யோசிக்க வேண்டும். எந்தக் கிழங்கு, எவ்வளவு பெரிய துண்டு, சட்டியில் எந்த இடம், புளிப்பை எப்போது சேர்ப்பது, எல்லாமே அதற்குத் தகுந்தபடிதான்.

காரணத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பிறகு அளவுகளை நீங்களே மாற்றிக்கொள்ள உதவும். பிரஷர் குக்கருக்குள் சூடு ஏறக்குறைய 120 டிகிரி வரை போகும். ஸ்லோ குக்கர் 100ஐத் தொடுவதே அபூர்வம். லோ, ஹை என்று இரண்டு சூட்டு நிலைகள் இருந்தாலும் பெரும்பாலான மாடல்களில் இரண்டும் கடைசியில் போய் நிற்பது கொதிநிலைக்குச் சற்றுக் கீழேதான், அங்கே போய்ச் சேர எடுத்துக்கொள்ளும் நேரம்தான் வேறு. கிழங்கின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் 80 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் ஒழுங்காகக் கரையும். அதற்குக் கீழே, சுமார் 55 முதல் 70 டிகிரிக்குள், வேறொரு வேலை நடக்கிறது: கிழங்கில் இயல்பாகவே உள்ள ஒரு நொதி விழித்துக்கொண்டு, அந்தப் பெக்டினைக் கால்சியத்தோடு பிணைத்து இன்னும் இறுக்கிவிடுகிறது. அப்படி ஒருமுறை இறுகிய கிழங்கை அப்புறம் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் லேசில் மசியாது. குளிர்ந்த தண்ணீரை ஊற்றி லோவில் வைத்தால் கிழங்கு அந்த இடைப்பட்ட சூட்டிலேயே மணிக்கணக்கில் கிடக்கும். நறுக்கென்று கடிபடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அதனால் முதல் விதி: குளிர்ந்த எதையும் ஊற்றாதீர்கள். கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றுங்கள், மூடியை மூடி முதல் ஒரு மணி நேரம் ஹையில் வையுங்கள், பிறகு லோவுக்கு மாற்றிக்கொள்ளலாம். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு மணி நேரம் காத்திருக்க முடியாதா, சரி, எழுந்தவுடன் வெறும் சட்டியை வைத்து ஹையைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போங்கள், திரும்பி வருவதற்குள் சட்டி சூடாகியிருக்கும். சில கம்பெனிகள் வெறும் சட்டியைச் சூடாக்காதே என்று எழுதியிருப்பார்கள், உங்கள் மாடலின் கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்படி எழுதியிருந்தால் அடியில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கலாம்.

இந்தச் சாதனம் எங்கிருந்து வந்தது என்பதிலேயே இதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது. அமெரிக்காவில் இர்விங் நாக்சன் என்பவர் 1940இல் காப்புரிமை பெற்ற அவரைப் பயறுப் பானைதான் இதன் மூதாதை. லித்துவேனியாவின் வில்னா ஊரில் யூதர்கள் ஓய்வுநாளுக்கு முந்திய சாயங்காலமே சோலண்ட் என்ற குழம்பைப் பானையில் போட்டு, ஊர் பேக்கரி அடுப்பின் மிச்சச் சூட்டில் இரவெல்லாம் விட்டுவைப்பார்கள் என்று அவருடைய அம்மா சொன்ன கதையிலிருந்துதான் அவருக்கு யோசனை வந்தது. பிறகு ரைவல் கம்பெனி அவருடைய தொழிலை வாங்கி, 1971இல் கிராக்-பாட் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. சோலண்டில் உருளைக்கிழங்கும் உண்டு. ஆனால் அந்த பேக்கரி அடுப்பு நல்ல சூட்டில் தொடங்கி மெதுவாக ஆறும், நம் சாதனமோ சில்லென்று தொடங்கி மெதுவாகச் சூடாகிறது. அந்த வித்தியாசத்தை ஈடுகட்டத்தான் கெட்டில்.

கிழங்கு வாங்கும்போது

கிழங்கை இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டால் போதும். வெந்ததும் உதிர்ந்து மாவாகும் வகை, வெந்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும் வகை. பிரிட்டனில் மாரிஸ் பைப்பரும் கிங் எட்வர்டும் முதல் வகை, சார்லட் இரண்டாம் வகை. அமெரிக்காவில் ரசெட் உதிரும், சிவப்புத் தோல் சின்னக் கிழங்குகள் நிற்கும். கனடாவில் உருவாகி 1980இல் வெளிவந்த யூகான் கோல்டு இரண்டுக்கும் நடுவில், ஒரே ஒரு பை வாங்கி எல்லாவற்றுக்கும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் அதையே எடுங்கள். மசிக்கவும் முழுசாக வேகவைக்கவும் உதிரும் வகை, குருமாவுக்கும் கறிக்குழம்புக்கும் நிற்கும் வகை. மாற்றிப் போட்டால் குருமா கூழாகிவிடும், மசியல் கட்டி கட்டியாக நிற்கும். தோல் பச்சையாகிப்போன கிழங்கும் நிறைய முளைவிட்ட கிழங்கும் வேண்டாம், அதிலுள்ள நச்சு வேகவைத்தாலும் போகாது.

சட்டியைப் பற்றி இரண்டே வார்த்தை. 3.5 லிட்டர் சட்டி மூன்று நான்கு பேருக்குப் போதும். பாதியிலிருந்து முக்கால் வரை நிறைந்திருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும், கால்வாசி மட்டும் போட்டால் ஓரம் தீய்ந்துவிடும், விளிம்புவரை நிரப்பினால் நடுப்பகுதி வேகாது. சூடு பெரும்பாலும் சட்டியின் சுற்றுச்சுவரிலிருந்துதான் வருகிறது, ஆகவே ஓரத்துக் கிழங்கு முதலில் வேகும், நடுவில் உள்ளது கடைசியில். வெந்ததா என்று பார்க்கும்போது ஓரத்தில் கைக்குக் கிடைத்ததைக் குத்திப் பார்த்து ஏமாறாமல் நடுவிலிருந்து ஒரு பெரிய துண்டை எடுங்கள். சின்னக் கத்தியின் நுனியை உள்ளே விட்டுத் தூக்கினால் துண்டு தானாகக் கழன்று விழ வேண்டும். கத்தியோடு கூடவே வந்தால் இன்னும் அரை மணி நேரம். நடுவில் ஒரு இடத்தில் கத்தி லேசாகத் தடைபட்டாலும் அதே அரை மணி நேரம்தான்.

அப்புறம் அந்தக் கண்ணாடி மூடி. உள்ளே நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கும், ஒன்றும் தெரியாது, திறந்து பார்க்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் போகும் சூட்டைத் திரும்பப் பிடிக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். பார்த்தே ஆக வேண்டுமென்றால் மூடியை லேசாகத் தட்டுங்கள், நீர் வழிந்து கொஞ்சம் தெளியும்.

முழுக் கிழங்கு

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதுதான் சுலபம். ஆங்கிலேயர்கள் ஜாக்கெட் பொட்டேட்டோ என்று சொல்லும் அதே பண்டம், அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கவே வேண்டாம். ஒவ்வொன்றும் 200 கிராம் இருக்கும்படி ஒரே அளவான மாரிஸ் பைப்பர் நான்கோ ஐந்தோ எடுத்து, தோலோடு தேய்த்துக் கழுவி, துணியால் நன்றாகத் துடையுங்கள். முள்கரண்டியால் ஒவ்வொன்றிலும் ஐந்தாறு இடத்தில் குத்துங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயைக் கையில் விட்டு எல்லாவற்றுக்கும் தடவி, கல்லுப்பைக் கொஞ்சம் பொடித்துத் தூவுங்கள். சட்டியில் ஒரே அடுக்காக வைத்து மூடுங்கள். தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம், கிழங்கிலிருந்து வரும் ஈரமே போதும். ஹையில் 4 முதல் 5 மணி நேரம், லோவில் 7 முதல் 8 மணி நேரம். வேலைக்குப் போய் ஒன்பது மணி நேரம் கழித்து வருகிறவர்கள் 300 கிராம் கிழங்காகப் பார்த்து வாங்குங்கள், அது தாங்கும்.

உள்ளே வெண்ணெயாக இருக்கும், தோல் மட்டும் தொளதொளவென்று இருக்கும். மொறுமொறு தோல் இந்தச் சாதனத்தில் வராது, யார் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள், ஈரம் வெளியே போக வழியே இல்லை. வேண்டுமென்றால் கடைசியில் 200 டிகிரி அவனிலோ ஏர் ஃபிரையரிலோ ஒரு பத்து நிமிடம் வைத்து எடுங்கள். பிளந்து வெண்ணெயும் சீஸும் போடுவது அவர்கள் வழக்கம். கொஞ்சம் தயிர், பொடியாக நறுக்கிய வெங்காயம், மேலே கடுகு பச்சைமிளகாய் தாளித்துக் கொட்டினால் நமக்கு இன்னும் பொருந்தும்.

பல குறிப்புகளில் ஃபாயிலில் சுற்றி வைக்கச் சொல்லியிருப்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு பிடிப்பு இல்லை, தோல் இன்னும் ஈரமாகிறது என்பதைத் தவிர வேறு லாபம் தெரியவில்லை. சுற்றுவதானால் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: வெந்ததும் ஃபாயிலைப் பிரித்துவிட வேண்டும், மிச்சத்தைச் சுற்றியபடியே மேடையில் வைத்துவிட்டுத் தூங்கப் போகக்கூடாது. 1994இல் டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரில் ஒரு கிரேக்க உணவகத்தில், ஃபாயிலோடு சுட்ட கிழங்குகளை அப்படியே சாதாரண அறைச் சூட்டில் விட்டுவைத்துப் பிறகு ஒரு சட்னி மாதிரியான தொடுகறியில் சேர்த்துவிட்டார்கள், 30 பேருக்கு பாட்டுலிசம் என்ற, ஒரு கிருமியின் நஞ்சால் வரும் ஆபத்தான நோய் வந்தது. அந்தக் கிருமியின் வித்துகள் கிழங்கு வேகும் சூட்டில் சாவதில்லை. காற்றுப் போகாத, ஈரமான, மிதமான சூடுள்ள இடம் கிடைத்தால் முளைத்து நஞ்சை உண்டாக்கும், ஃபாயிலுக்குள் அந்த மூன்றும் இருக்கிறது.

மசித்தது

வீட்டில் பத்துப் பேர் சாப்பிட வரும் நாளில், அடுப்பின் நாலு பர்னரும் ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் இதன் அருமை தெரியும். கிறிஸ்துமஸ் சமயத்தில் பல வீடுகளில் ஸ்லோ குக்கர் அலமாரியிலிருந்து இறங்குவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

1.2 கிலோ கிழங்கைத் தோல் சீவி 3 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். பெரிதும் சிறிதுமாக இல்லாமல் ஒரே அளவாக இருக்கட்டும், இதில் மட்டும் சோம்பல் வேண்டாம். சட்டியில் போட்டு ஒரு தேக்கரண்டி உப்பு, 200 மில்லி கொதிக்கும் தண்ணீர், மேலே 40 கிராம் வெண்ணெயைச் சின்னச் சின்னதாக வெட்டிப் பரப்புங்கள். கிழங்கு தண்ணீரில் மூழ்காது, மூழ்கவும் வேண்டாம். ஆனால் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுகள் காற்றுப் பட்டு சாம்பல் நிறமாகக் கறுக்கும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. பேக்கிங் பேப்பரைச் சட்டியின் வாய் அளவுக்கு வட்டமாக வெட்டி, வெண்ணெய் பரப்பிய கிழங்கின் மேல் ஒட்டினாற்போல் போட்டு, அதற்கு மேல் மூடியை மூடுங்கள். ஆவி கீழேயே நிற்கும், மேல் துண்டுகளும் ஒரேமாதிரி வேகும், நிறமும் மாறாது.

ஹையில் மூன்றரை முதல் நான்கு மணி நேரம். கத்திச் சோதனை முடிந்ததும் தண்ணீரை வடிக்காமல் சட்டியிலேயே மசியுங்கள், பிளாஸ்டிக் மத்தாக இருந்தால் சட்டியில் கீறல் விழாது. பாலை 150 மில்லி தனியாகச் சூடாக்கி, பாதியை ஊற்றிப் பதம் பார்த்து மீதியை ஊற்றுங்கள். மிக்ஸியிலோ கை பிளெண்டரிலோ அடிக்கவே கூடாது, கிழங்கின் மாவுச்சத்து உடைந்து வெளியே வந்து பசையாகிவிடும், அதற்கப்புறம் அதைக் காப்பாற்ற வழியில்லை. மசித்ததை வார்ம் என்ற, சூட்டைத் தக்கவைக்கும் நிலையில் இரண்டு மணி நேரம் வைத்திருக்கலாம், இறுகினால் இன்னும் கொஞ்சம் சூடான பால்.

குருமா

ஸ்லோ குக்கர் வேகவைக்கும், வதக்காது. நம் சமையலில் பாதி ருசி வதக்குவதில் இருப்பதால், எல்லாவற்றையும் பச்சையாகப் போட்டு மூடிவைக்கும் குறிப்புகளை நம்பி இறங்கினால் மிளகாய்த்தூளின் பச்சை வாடை எட்டு மணி நேரம் கழித்தும் அப்படியே இருக்கும். ஒரு கால் மணி நேரம் அடுப்பில் செலவழித்தே ஆக வேண்டும்.

800 கிராம் சார்லட்டைத் தோல் சீவி இரண்டரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிச் சட்டியின் அடியிலும் ஓரத்திலுமாகப் பரப்பி ஹையைப் போட்டுவிடுங்கள். வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு சின்னப் பட்டை, இரண்டு கிராம்பு, அரை தேக்கரண்டி சோம்பு, கறிவேப்பிலை, கீறிய பச்சைமிளகாய் மூன்று. முழு மசாலா வழக்கத்தில் பாதிதான் போடுங்கள், நேரம் ஆக ஆகக் கிராம்பும் பட்டையும் காரமேறி மற்றதை அமுக்கிவிடும். இரண்டு பெரிய வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, ஒரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள்தூள், ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், இரண்டு தேக்கரண்டி மல்லித்தூள் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். அதிலேயே 350 மில்லி கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, அடியில் ஒட்டியதைச் சுரண்டிவிட்டு, ஒரு கொதி வந்ததும் சூட்டோடு சூடாக அப்படியே கிழங்கின் மேல் கொட்டுங்கள். இதில் நீர் வற்றாது, வழக்கமாக ஊற்றுவதில் பாதிதான் என்று நினைவிருக்கட்டும். உப்பையும் குறைவாகப் போட்டுக் கடைசியில் சரிபார்க்கலாம்.

தக்காளி எங்கே என்று கேட்பீர்கள். இப்போது வேண்டாம். புளிப்பு பட்டால் பெக்டின் கரைய மறுக்கும், மறுபடி அதே நறுக்குதான். தக்காளி, புளி, தயிர், எலுமிச்சை நான்குக்கும் இதே கதைதான். ஹையில் மூன்றரை மணி நேரம் கழித்துக் கத்தி இறங்குகிறதா என்று பாருங்கள், இறங்கினால்தான் அடுத்த வேலை. இரண்டு தக்காளியை வாணலியில் குழைய வதக்கிச் சேர்த்து, அரை மூடித் தேங்காய்த் துருவலோடு எட்டு முந்திரியும் கொஞ்சம் சோம்பும் அரைத்த விழுதைக் கலந்து, ஒரு கைப்பிடி உறைந்த பட்டாணியைப் போட்டு இன்னும் அரை மணி நேரம் மூடிவையுங்கள். தேங்காயை முதலிலேயே ஊற்றினால் எண்ணெயாகப் பிரிந்து திரிதிரியாக மிதக்கும். பால், கிரீம் எதுவானாலும் இதே கடைசி அரை மணி நேரம்தான்.

கறியோடு சேர்த்து

ஐரிஷ் ஸ்டூ என்ற அயர்லாந்துக் கறிக்குழம்பு இதற்கென்றே பிறந்த மாதிரி. ஆட்டுத் தோள்கறி 600 கிராம், கிழங்கு 700 கிராம், மூன்று வெங்காயம், கொஞ்சம் தைம் என்ற வாசனை இலை, மிளகு, 400 மில்லி சூடான ஸ்டாக் (எலும்போ காயோ வேகவைத்து வடித்த சாறு), அவ்வளவுதான். கிழங்கு அடியில், நடுவில் வெங்காயம், கறி மேலே. வழக்கத்தில் நாம் கறியை அடியில் போட்டுக் கிழங்கை மேலே போடுவோம், இங்கே மாற்றிப் போடுங்கள். முதல் ஒரு மணி நேரம் ஹை, பிறகு லோவில் ஏழு மணி நேரம். உறைந்த கறியை நேராகப் போடாதீர்கள், மொத்தச் சட்டியையும் அது குளிரவைத்துவிடும், கிருமி வளர்வதற்கும் அதுதான் வசதி. ராஜ்மாவும் சேர்த்துப் போடலாமே என்று தோன்றினால் டின்னில் வருவதைப் போடுங்கள். காய்ந்த ராஜ்மாவானால் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடுப்பில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகுதான் இதில் சேர்க்க வேண்டும். அதன் நச்சை முறிக்கும் அளவுக்கு ஸ்லோ குக்கரின் சூடு போதாது.

இத்தனைக்குப் பிறகும் சாப்பாட்டு நேரம் வந்து கிழங்கு வேகாமல் நின்றால் பதற வேண்டாம். துளைக்கரண்டியால் கிழங்கை மட்டும் அரித்தெடுத்து, இரண்டு கரண்டி குழம்போடு மைக்ரோவேவ் பாத்திரத்தில் மூடி ஐந்தாறு நிமிடம் வைத்துத் திரும்பச் சட்டியில் சேர்த்துவிடுங்கள். வீட்டில் பிரஷர் குக்கர் இருந்தால் ஒரே விசில்.

வெறுமனே பொரியலுக்கு நாலு கிழங்கை அவிப்பதற்காக ஸ்லோ குக்கரைப் போடாதீர்கள். 200 வாட் என்றாலும் எட்டு மணி நேரத்தில் 1.6 யூனிட் வரை ஆகலாம், அதே வேலையைப் பிரஷர் குக்கர் பத்து நிமிடத்தில் முடித்துவிடும். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்திலும், அடுப்பில் இடம் இல்லாத நாளிலும்தான் இதற்கு வேலை.

மிச்சமானதை ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத டப்பாவில் மாற்றி ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு நாளுக்குள் சாப்பிட்டு முடியுங்கள். திரும்பச் சூடாக்கும்போது அடுப்பிலோ மைக்ரோவேவிலோ ஆவி பறக்கச் சூடாக்குங்கள், ஸ்லோ குக்கரில் வேண்டாம், அது சூடாகும் வேகம் பழைய சோற்றுக்கும் குழம்புக்கும் ஆகாது. மசியல் ஒட்டிய சட்டியைக் கழுவ அவசரப்பட்டுக் குழாய்த் தண்ணீருக்கு அடியில் நீட்டாதீர்கள், சூடாக இருக்கும் பீங்கானில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும். ஆறிய பிறகு வெதுவெதுப்பான தண்ணீரை நிரப்பி அரை மணி நேரம் ஊறவிட்டால் தேய்க்காமலே வந்துவிடும்.